மாதச் சம்பளம் இல்லாதவருக்கு கிரெடிட் கார்டு கிடைக்குமா?

கேள்வி: 14 ஜூன் 2025

நான் திருநெல்வேலியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கேமராவைத் துடைத்து வைப்பதோடு சரி. இரண்டு வங்கிகளில் கார்டுக்கு விண்ணப்பித்தேன். இரண்டிலும் இல்லை என்றுவிட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு இந்த நாட்டில் எந்த வங்கியும் கிரெடிட் கார்டு தராது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

14 ஜூன் 2025, இரவு

மறுக்கிறேன், தம்பி. சென்னையில் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். சம்பளச் சீட்டு என்ற ஒன்றை என் பெயரில் நான் பார்த்ததே இல்லை. புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் கண் எரிய எரிய வேலை இருக்கும். பணம் வருவதோ காட்சி முடிந்து அவர்கள் விற்பனைக் கணக்குப் பார்த்த பிறகு. அப்படி இருந்தும் என்னிடம் கார்டு இருக்கிறது. சுலபமாகக் கிடைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த இரண்டு வங்கிகளும் என்ன காரணம் சொன்னார்கள்?

15 ஜூன் 2025

"உள் கொள்கையின்படி ஏற்க இயலவில்லை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான்" என்கிறீர்கள். அது போதாது. கார்டு வழங்குவது பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகள் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விண்ணப்பத்தை நிராகரித்தால், எந்தக் குறிப்பிட்ட காரணத்தால் நிராகரித்தோம் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. "உள் கொள்கை" என்பது குறிப்பிட்ட காரணம் ஆகாது. விண்ணப்ப எண்ணைப் போட்டு, இந்த விதியைச் சொல்லி, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பணிவாக எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தனியார் வங்கி என்னை நிராகரித்தபோது நானும் சம்பளம் இல்லாததுதான் காரணம் என்று உறுதியாக நம்பினேன். எழுதிக் கேட்டபோது வந்த பதில் வேறு: பெயர் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்த தொல்லை. பான் அட்டை எடுத்தபோது இனிஷியலை மட்டும் போட முடியாது என்றார்கள், அதனால் என் பெயரோடு அப்பாவின் முழுப்பெயர் சேர்ந்துகொண்டது. வங்கிக் கணக்கில் அப்பாவின் இனிஷியல் மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் இனிஷியல். ஒரே ஆள்தான், மூன்று தாள்களில் மூன்று பெயர். கம்ப்யூட்டர் இவர்களை மூன்று பேராகவே எடுத்துக்கொள்கிறது. எந்தத் தாளுக்கு எதை ஒத்துப்போக வைப்பது என்று யோசித்துச் செய்யுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். நான் பானை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றினேன். வருமான வரிக் கணக்கெல்லாம் பானில்தான் நிற்கிறது.

15 ஜூன் 2025, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஒம்புட்ஸ்மேனிடம், போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டம்தான், கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் அவர் உங்களுக்குக் கார்டு வாங்கித் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கார்டு தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு, அதில் அவர் கை வைக்க முடியாது. காரணம் தெரிவிக்கவில்லை என்பதுதான் நம் புகாராக இருக்க வேண்டும்.

22 ஜூன் 2025

தம்பிக்கு ஒரு வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது: "அறிவிக்கப்பட்ட வருமானம் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே இருக்கிறது." சம்பளம் இல்லை என்று அதில் எங்கும் இல்லை. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

ஐ.டி. ரிட்டர்னில், அதாவது வருமான வரிக் கணக்குத் தாக்கலில், எவ்வளவு வருமானம் காட்டினீர்கள் என்று கேட்டிருந்தேன். ஆண்டு முழுவதும் வரவு சுமார் 9 லட்சம், பெரும்பாலும் வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வந்தது. ஆடிட்டர் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் (சிறு தொழில் செய்பவர் வரவில் ஒரு சதவீதத்தை வருமானமாகக் காட்டும் முறை) 6 சதவீதம் காட்டி முடித்துவிட்டார் என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 லட்சத்தில் 6 சதவீதம் 54,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,500. வங்கியில் உங்கள் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரிவது மாதம் 4,500 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர். அவர் எப்படிக் கார்டு தருவார்?

44ஏடி சொல்லும் 6 சதவீதம் (ரொக்க வரவுக்கு 8 சதவீதம்) என்பது தரைமட்டம். அதற்குக் கீழே காட்டக் கூடாது என்பதுதான் பொருள். உண்மையில் அதற்கு மேல் மிஞ்சியிருந்தால் மிஞ்சியதைக் காட்ட வேண்டும். உதவியாளர் கூலி, ஆல்பம் அச்சு, பெட்ரோல், லென்ஸ் வாடகை எல்லாம் போக உங்கள் கையில் நின்றது நாலரை லட்சம் என்றால் நாலரை லட்சம்தான் உங்கள் வருமானம்.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. வரி போய்விடும் என்ற பயத்தில்தான் குறைத்துக் காட்டுகிறோம். புதிய வரி முறையில், இப்போது தாக்கல் செய்யும் 2024-25 நிதியாண்டுக்கு, 7 லட்சம் வரை வருமானம் இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை. 2025-26-க்கு அது 12 லட்சம். நாலரை லட்சம் காட்டினாலும் வரி பூஜ்யம். 54,000 காட்டினாலும் பூஜ்யம். மிச்சமானது ஒரு பைசாகூட இல்லை. போனது உங்கள் வருமானத்துக்கான சாட்சி. இப்படி எத்தனை தையல்காரர்களும் மெக்கானிக்குகளும் கேட்டரிங் செய்பவர்களும் தங்கள் உழைப்பைத் தாங்களே தாளில் அழித்துக்கொண்டிருக்கிறார்களோ!

இந்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசித் தேதி ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. நேரம் இருக்கிறது. ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

23 ஜூன் 2025

பாளையங்கோட்டை அண்ணாச்சி கேட்கிறார்: "ஒரு வருஷம் 54 ஆயிரம், அடுத்த வருஷம் நாலரை லட்சம் என்று காட்டினால் வருமான வரிக்காரர் சந்தேகப்பட மாட்டாரா?"

நியாயமான கேள்வி. உண்மையான வருமானத்தைக் காட்டுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வங்கி வரவும் பில் புத்தகமும் அதே கதையைச் சொன்னால் போதும். வங்கிகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ரிட்டர்னையும், அதோடு வருமானக் கணக்கீட்டுத் தாளையும் கேட்கின்றன. அதனால் ஒரே ஆண்டில் பலன் தெரியாமல் போகலாம். அதற்காகத் தள்ளிப்போட்டால் இரண்டாம் ஆண்டு என்பது ஒருபோதும் வராது.

பதிப்பகமோ ஸ்டூடியோவோ கம்பெனியோ டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்துக்கொண்டு கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். அது 26ஏஎஸ் படிவத்தில் ஏறுகிறது. உங்களுக்கு இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று அரசின் ஏட்டிலேயே பதிவு. அதிகமாகப் பிடித்தது ரிட்டர்னில் திரும்பி வந்துவிடும். எனக்கு அந்தப் படிவம்தான் சம்பளச் சீட்டின் இடத்தில் நின்றது.

9 ஜூலை 2025

ஒரு வணிக வளாகத்தின் வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இதே அனுபவத்தை எழுதிவிட்டார்கள். சின்னப் பையன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். "அக்கா, கார்டு வேண்டுமா? அஞ்சே நிமிடம்." சம்பளமா, பிசினஸா என்று கேட்டான். தனியாகத் தொழில் செய்கிறேன் என்றேன். திரையில் "சம்பளம்" என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே, "ஏதாவது ஒரு கம்பெனி பெயர் சொல்லுங்க அக்கா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றான். வேண்டாம் என்றதும், "சீட்டும் நானே ஏற்பாடு பண்ணித் தரேன்" என்றான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதக் கடைசியில் இத்தனை விண்ணப்பம் என்று அவன் தலையில் ஒரு எண் ஏறியிருக்கும். ஆனால் கையெழுத்து நம்முடையது. பொய்ச் சீட்டு பிடிபட்டால் அவன் வேறு வளாகத்துக்குப் போய்விடுவான். மோசடி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் நமக்குத்தான் நிற்கும். அதோடு, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி நம் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்குகிறது, அந்த விசாரணை அறிக்கையில் பதிவாகிறது. அடுத்தடுத்து நாலு இடத்தில் விண்ணப்பித்தால், இவர் பணத்துக்கு அலைகிறார் என்று ஐந்தாமவர் நினைப்பார். தம்பி, ஒரு மறுப்பு வந்தால் உடனே அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள்.

10 ஜூலை 2025

கடன் அறிக்கை என்றதும் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என, நாம் வாங்கிய கடனையும் கட்டிய விதத்தையும் பதிவு செய்து வைக்கும் நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இடத்தில் மைனஸ் 1 என்றோ, வரலாறு இல்லை என்றோ இருக்கும். அது கெட்ட மதிப்பெண் அல்ல. உங்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள்.

என் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, எப்போதோ வங்கியில் சங்கிலியை வைத்து வாங்கி மீட்ட நகைக்கடன் அதில் இருந்தது. தொகை, வாங்கிய தேதி, முடித்த தேதி, பாக்கி இல்லை என்று ஒரு வரி. மீட்டதோடு நான் மறந்துவிட்ட கடன் எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தெருமுனை அடகுக் கடையில் அதற்கு முன் எத்தனையோ முறை வைத்து மீட்டிருக்கிறேன், வட்டி பாக்கி வைத்ததே இல்லை. அதில் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை. அடகுக் கடைக்காரர் யாருக்கும் அறிக்கை அனுப்புவதில்லை.

இன்னொன்று. தம்பிக்கோ மச்சானுக்கோ வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறினால் உங்களுக்கும் அடி.

19 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது. அண்ணாச்சி, "ஜவுளிக் கடையெல்லாம் ஆடித் தள்ளுபடி கொடுக்கிறான், இந்த வங்கிக்காரன் வட்டியில் கொடுக்க மாட்டானா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார். சிரித்த பிறகு வட்டியைப் பேசுவோம்.

நம் போன்றவர்களுக்குக் கார்டு கிடைப்பதைவிட, வருமானம் இல்லாத மாதத்தில் அந்தக் கார்டு கையில் இருப்பது பெரிய சோதனை. மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டி போடும் கார்டுகள் ஏராளம். ஆண்டுக்கு 42 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆடி மாத மளிகையும் பள்ளிக் கட்டணமுமாக 20,000 ரூபாய் பாக்கி நின்றால், ஒரு மாத வட்டி 700, அதற்கு வரி 126. நீங்கள் ஆயிரம் ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று இருக்க முடியாது.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. கார்டில் செலவழித்த அன்றே அந்தத் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். மாற்றப் பணம் இல்லை என்றால் கார்டை எடுப்பதில்லை. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது அறவே கிடையாது. அதற்குத் தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி. பில் தேதி உங்களுக்கு ஒத்துவராவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிறது. முகூர்த்தத் தேதிகளை ஒட்டி உங்களுக்குப் பாக்கிப் பணம் வருமென்றால் அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

2 ஆகஸ்ட் 2025

தம்பி கேட்கிறார்: "ரிட்டர்ன் பலன் தர இரண்டு ஆண்டு ஆகும் என்றால் அதுவரை என்ன செய்ய?"

எஃப்.டி. கார்டு. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மற்ற எதையும் நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள், அதனால்தான் தள்ளிவைத்தேன்.

வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டால் அதன் பேரில் கார்டு தருவார்கள். சம்பளச் சீட்டும் கேட்பதில்லை, பழைய மதிப்பெண்ணும் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. எஸ்பிஐ கார்டின் உன்னதி 25,000 ரூபாய் வைப்பின் பேரில் கிடைப்பது; மற்ற பல வங்கிகளிலும் இதே வகை உண்டு. வரம்பு வைப்புத் தொகையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வைப்புக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். நான் போட்டபோது ரசீதின் மேல் பகுதியில் பிடிமானம் குறிக்கப்பட்டது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கார்டு இருக்கும்வரை அந்த வைப்பை உடைக்க முடியாது, பாக்கி கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்த முத்திரை. கவுன்டரில் இருந்த அம்மா அதை நிறுத்தி நிதானமாக விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். அவருக்கு நன்றி.

கடன் அறிக்கையில் இது மற்ற கார்டுகளைப் போலவே பதிவாகிறது. சுமார் ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் மைனஸ் 1 மறைந்து ஒரு மதிப்பெண் தோன்றும். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், கட்டிய பணம் அறிக்கையில் ஏறவும் முன்போல் தாமதம் இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். வரம்பு 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் ஒரே லென்ஸ் வாடகைக்கு 15,000 தேய்த்துவிட்டால் முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது. மதிப்பெண்ணுக்கு அது நல்லதல்ல. பில் போடும் தேதிக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். பில்லில் குறைந்த தொகைதான் தெரியும்.

3 ஆகஸ்ட் 2025

இன்னொருவர் கேட்டது: கணவர் கார்டில் துணைக் கார்டு வாங்கிக்கொண்டால் போதாதா? செலவுக்குப் போதும். ஆனால் கட்டிய நற்பெயர் கார்டின் உரிமையாளருக்குத்தான் சேரும். வீட்டிலிருந்தே தைத்தும், பலகாரம் செய்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும் சம்பாதிக்கும் பெண்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: சின்னதாக இருந்தாலும் உங்கள் பெயரில் ஒரு கணக்கு, உங்கள் பெயரில் ஒரு வைப்பு, உங்கள் பெயரில் ஒரு கார்டு. வாடிக்கையாளர் அனுப்பும் பணம் கணவர் எண்ணுக்குப் போனால் அது அவருடைய வருமானமாகத்தான் நிற்கும். உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவும் செய்துகொள்ளுங்கள். அரசின் தளத்தில் அது இலவசம். தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்றாக வங்கிகள் அதை ஏற்கின்றன. பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களில் போய் மாட்டாதீர்கள்.

30 ஆகஸ்ட் 2025

செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். முதன்முறையாகக் கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6-ம் தேதி வழிகாட்டுதலில் அறிவுறுத்தியிருப்பதாக நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி மக்களவையில் பதில் அளித்திருக்கிறார். குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்பதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

இனி எல்லோருக்கும் கார்டு என்று சிலர் கொண்டாடுகிறார்கள். அப்படி இல்லை. வருமானம் போதவில்லை, முகவரி உறுதியாகவில்லை என்று வங்கி மறுக்கலாம். "வரலாறு இல்லை" என்பதை மட்டும் ஒற்றைக் காரணமாகச் சொன்னால் இந்த வழிகாட்டுதலைக் காட்டி எழுதிக் கேட்கலாம். ஜூன் 15 அன்று நான் எழுதிய காரணம் கேட்கும் கடிதத்துக்கு இது கூடுதல் பலம்.

18 அக்டோபர் 2025

தீபாவளி வேலைக்கு நடுவில் தம்பியின் தகவல் பார்த்தேன், மகிழ்ச்சி. ரிட்டர்னில் உண்மை வருமானத்தைக் காட்டித் தாக்கல் செய்துவிட்டார், எஃப்.டி. கார்டும் வந்து, முதல் பில்லை முழுதாகக் கட்டியிருக்கிறார். அவர் அனுப்பிய வங்கி ஸ்டேட்மென்டையும் பார்த்தேன் (கணக்கு எண்ணை மறைத்துத்தான் அனுப்பினார், எல்லோரும் அப்படியே செய்யுங்கள்). ஆவணி முழுவதும் அட்வான்ஸ் பணம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் காலையில் 30,000 வரவு, மாலையில் 29,500 ரொக்கமாக எடுப்பு என்று வரிசையாக இருக்கிறது. மாதக் கடைசி இருப்பு எப்போதும் மூன்று இலக்கம். உதவியாளருக்கும் ஆல்பக் கடைக்கும் முடிந்தவரை கணக்கிலிருந்தே அனுப்புங்கள். செலவு யாருக்குப் போனது என்பதும் தெரியும், கொஞ்சம் இருப்பும் நிற்கும்.

அவருடைய புதுக் கேள்வி: "வேறொரு வங்கியிலிருந்து போன் செய்து, உங்களுக்குக் கார்டு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். நான் கேட்கவே இல்லையே?"

கேட்காமல் கார்டு அனுப்புவதே விதிமீறல். ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள், கார்டை இயக்கவும் செய்யாதீர்கள். முப்பது நாள் இயக்காமல் இருந்தால் வங்கி ஓ.டி.பி. வழியாக உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் ஏழு வேலை நாளில் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும். நீங்கள் கேட்காத கார்டுக்குக் கட்டணம் போட்டால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். உண்மையிலேயே அந்த வங்கியிலிருந்துதான் அழைத்தார்களா என்பதை, வங்கியின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து முதலில் உறுதிசெய்யுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணுக்கு வேண்டாம்.